மருந்து வானுக்காக நான் செத்த கதை

எனக்கு வயது எழுபத்தெட்டு. பெற்றது ஐந்து, வளர்த்தது ஏழு. மிச்சம் இரண்டும் தங்கச்சியின் பிள்ளைகள் – அவர்களும் என்னை அம்மா என்றுதான் கூப்பிடுகிறார்கள். கோழி வளர்க்கிறேன். கத்தரிக்குத் தண்ணீர் விடுகிறேன். யாராவது வாய்காட்டினால் திருப்பி வாய்காட்டுகிறேன்.

இப்படிப்பட்ட நான், போன மாதம் கொஞ்ச நாள் செத்துப்போயிருந்தேன்.

எப்படி என்று கேட்கிறீர்களா? பொறுங்கள். அவசரப்படுத்தினால் எனக்குக் கதை வராது. நான் சொல்லச் சொல்ல டைப் அடிக்கிற பேத்தி துளசிக்கும் பிழை வந்துவிடும். நான் பள்ளிக்கூடம் போனது கொஞ்சக் காலம்தான். கையெழுத்து வைப்பேன். பஸ் போர்டு வாசிப்பேன். பேப்பரில் ஒரே ஒரு பக்கத்தை எழுத்துக்கூட்டி வாசிப்பேன். எந்தப் பக்கம் என்று பிறகு சொல்கிறேன்.

எங்கள் சண்டிலிப்பாய்க்குச் செவ்வாய்க்கிழமைதோறும் ஒரு வண்டி வரும், மருந்து வான் என்போம். சனசமூக நிலையத்துக்கு முன்னால் வேப்பமரத்தின் கீழ் நிற்கும். ஒரு டொக்டர், ஜெயா என்று ஒரு நேர்ஸ், சனம் உட்கார இரண்டு வாங்கு, கால் கழுவ ஒரு பேசின். காசு வாங்குவதில்லை. வெளிநாட்டில் இருக்கிற எங்கள் ஆட்கள் அனுப்புகிற உதவியில் ஓடுகிற வான் அது.

அங்கே முக்கியமாகப் பார்ப்பது காலைத்தான். சிரிக்காதீர்கள். இங்கே தோட்டம் செய்கிற சனத்தில் நிறையப் பேருக்குச் சீனி வருத்தம், அதுதான் நீரிழிவு. செருப்பில்லாமல் தோட்டத்துக்குள் இறங்குவார்கள். முள் குத்தும். சீனி வருத்தக்காரருக்கு அது நோகாது. நோகாத காலை யார் திருப்பிப் பார்க்கிறார்கள்? பார்க்காத புண் முதலில் விரலைத் தின்னும். பிறகு பாதத்தைத் தின்னும்.

என் குதிக்காலில் வந்த புண்ணை ஜெயா கிழமைக்குக் கிழமை கழுவி, மருந்து கட்டி, ஆற வைத்தாள். இன்றைக்கு நான் சந்தைக்கு நடந்து போய் வருகிறேன் என்றால் அவள் புண்ணியம்.

எனக்கு ஆறிய கையோடு பக்கத்து வளவுப் பாலனுக்கு வந்தது. பெருவிரலில். பாலன் புகையிலைத் தோட்டம் செய்கிறவன். நாற்பது வயதுதான் இருக்கும். யாழ்ப்பாணம் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போடா என்றால் ஓம் ஓம் என்பான். பஸ் மாறி ஏறி, வரிசையில் நின்று, ஒரு பகல் போய்விடும், புகையிலைக் கன்றுக்கு யார் தண்ணீர் விடுவது என்று போகவே மாட்டான். வான் வாசலுக்கு வருகிறது, அதனால் காலை நீட்டுகிறான். விடாமல் கட்டினால் விரல் தப்பும், விட்டால் வெட்டத்தான் வேண்டிவரும் என்று வானில் வருகிற டொக்டர் அவனுக்கு முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார்.

அந்த வான்தான் நிற்கப் போகிறது என்று ஜெயா ஒரு செவ்வாய் சொன்னாள். பாலனின் விரலைக் கட்டிக்கொண்டேதான் சொன்னாள். உதவி குறைந்துவிட்டதாம். டீசல் ஏறிவிட்டதாம். மாத முடிவோடு எங்கள் ஊருக்கு வருவதை நிறுத்தப் போகிறார்களாம்.

பாலன் குனிந்து, கட்டிய காலைப் பார்த்துக்கொண்டு இருந்தான்.

அடுத்த கிழமை, மானிப்பாயில் இருக்கிற அவர்களுடைய ஓபிஸிலிருந்து நிலானி என்று ஒரு பிள்ளை ஸ்கூட்டியில் வந்தாள். வெளிநாட்டுக்காரருக்குக் கடிதம் எழுதி உதவி கேட்பதுதான் அவளுக்கு வேலை. அப்படி ஒரு வேலை இருக்கிறது என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். கடிதம் எழுதச் சம்பளமா? காலம் போகிற போக்கைப் பாருங்கள்!

கொழும்பில் படித்து வளர்ந்த பிள்ளை. ஆனாலும் நல்ல பிள்ளை. இது சும்மா எழுதுகிற கடிதம் இல்லை ஆச்சி, இதற்கென்று படிப்பே இருக்கிறது என்று எனக்கு விளங்கப்படுத்தினாள். ஊர், சனம், வருத்தம் என்று கூட்டமாகச் சொன்னால் யாருடைய மனமும் அசையாதாம். ஒரே ஒரு ஆளின் கதையைச் சொல்ல வேண்டுமாம். அந்த ஆளுக்கு ஒரு முகம் வேண்டுமாம். வாசிக்கிறவரை ‘நீங்கள்’ என்று கூப்பிட்டு, எதிரே இருத்திக் கதைக்கிற மாதிரி எழுத வேண்டுமாம். கேட்க வந்ததை மென்று விழுங்காமல் கேட்டுவிட வேண்டுமாம்.

எல்லாம் சரியான பேச்சு. தலையாட்டினேன். அந்த ஒரே ஒரு ஆள் நீங்கள்தான் என்றாள். அதற்கும் தலையாட்டினேன். முகம் வேண்டுமென்றால் என் முகத்துக்கு என்ன குறை?

ஆனால் அவள் எழுதிக்கொண்டு வந்ததை வாசிக்கத் தொடங்கினாளே… ஓலைக் குடிசையாம். கிழிந்த சேலையாம். கேட்பாரற்ற முதுமையாம். கண்ணீர் வற்றிய கண்களாம்.

நான் என் வீட்டைத் திரும்பிப் பார்த்தேன். கல்வீடு. ஓடு போட்டது. சேலை – அன்றைக்குத்தான் கஞ்சி போட்டு உடுத்தியிருந்தேன். கேட்பாரற்று? பிள்ளைகள் மாறி மாறிக் கூப்பிட்டு என் போன் சூடாறுவதே இல்லை.

“பிள்ளை, உந்தக் கிழவி ஆர்?” என்று கேட்டேன்.

“நீங்கள்தான் ஆச்சி.”

“நானில்லை. எங்கையும் கண்டியெண்டால் கூட்டிக்கொண்டு வா. பாவம், நான் ஒரு சேலை குடுத்து விடுறன்.”

நிலானிக்குச் சிரிப்பும் வந்தது, கவலையும் வந்தது. வாசிக்கிறவர்களுக்கு மனம் இரங்க வேண்டும் ஆச்சி என்றாள். இரங்கட்டும். ஆனால் வாசிக்கிறவர்கள் யார்? முன்பின் தெரியாத வெள்ளைக்காரரா? ரொறன்ரோவிலும் லண்டனிலும் பிரான்ஸிலும் இருக்கிற எங்கள் வலிகாமப் பகுதி ஆட்கள். பாதிப்பேருக்கு என்னைத் தெரியும். மற்றப் பாதிக்கு என் மனிசன் செல்லையாவைத் தெரியும். என் மூத்தவன் ரவி ரொறன்ரோவில் தமிழ்க் கடைக்குப் போய் முருங்கைக்காய் வாங்க வேண்டாமா? ‘தாயை ஓலைக் குடிசையில் விட்டுவிட்டு முருங்கைக்காய் தின்னுகிறான்’ என்று முதுகுக்குப் பின்னால் கதைக்க மாட்டார்களா?

நான் சொல்கிறேன், நீ எழுது, மரியாதையாக எழுது என்றேன். சொன்னேன்.

சண்டிலிப்பாயைப் பிறப்பிடமாகவும் வதிவிடமாகவும் கொண்ட திருமதி இராசம்மா செல்லையா. அப்படித்தான் தொடங்கினேன். காலஞ்சென்ற என் அப்பு, அம்மாவின் பேரைச் சொல்லி, அவர்களின் அன்பு மகளும் என்றேன். காலஞ்சென்ற செல்லையாவின் பாசமிகு மனைவியும் என்றேன். பிறகு ரவி, கனடா… என்று தொடங்கி ஏழு பிள்ளைகளையும், அவரவர் இருக்கிற நாட்டையும் சொல்லி, ஆகியோரின் அன்புத் தாயாரும் என்றேன். மருமக்களை விடலாமா? விடவில்லை. அதற்குக் கீழேதான் வான், கால், புண், பாலன், உதவி எல்லாம் வந்தது.

நிலானி ஒரு சொல் விடாமல் அடித்தாள். நல்ல கம்பீரமாக இருக்கிறது ஆச்சி என்றாள். எனக்கும் அப்படித்தான் பட்டது.

படம்? அலுமாரியிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பட்டுச்சேலை உடுத்து, யாழ்ப்பாணத்தில் ஸ்டூடியோவில் எடுத்த படம். பின்னால் நீலம் அடித்துத் தந்திருந்தார்கள். பிற்காலத்துக்கு உதவும் என்று எடுத்து வைத்தது. எந்தப் பிற்காலம் என்று உங்களுக்கு விளங்கும். இந்த வயதில் இங்கே எல்லோரும் ஒன்று எடுத்து வைத்திருக்கிறோம். கடைசி நேரத்தில் பிள்ளைகள் ஓடித்திரிந்து, அடையாள அட்டைப் படத்தைப் பெரிதாக்கிப் போட்டால் யாருக்கு வெட்கம்?

நிலானி அதை வட்டமாக வெட்டி, சுற்றிவரப் பூப் போட்டாள். வடிவாக இருக்கும் என்று போட்டாள். வெள்ளிக்கிழமை கடிதம் போனில் போய்விட்டது, உலகம் முழுக்க.

சனிக்கிழமை மத்தியானம் நான் சோறு தின்றுகொண்டு இருக்கிறேன். ரவியின் நம்பரிலிருந்து போன். அங்கே அவனுக்கு விடியப்புறம். இந்த நேரத்தில் எடுக்கிறவன் இல்லையே…

“ஆர் கதைக்கிறது?” என்று கேட்டான். குரல் ஒரு மாதிரி இருந்தது.

“நான்தான்ரா. அம்மா.”

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுகிற சத்தம்.

“அம்மா… நீங்கள் என்ன செய்யிறியள்?”

“சோறு தின்னுறன். முரல் மீன் குழம்பு. ஏன்ரா?”

அதற்குப் பிறகு அவன் அழுத அழுகையை அவனுடைய அப்பா செத்ததற்கும் அழவில்லை. போனை வைத்தால் மகள் எடுக்கிறாள், பிரான்ஸிலிருந்து. அவள் பிளேனுக்கு டிக்கெட் பார்த்துக்கொண்டு இருந்தாளாம். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எல்லோரும் அழுகிறார்கள், யாரும் காரணம் சொல்கிறார்கள் இல்லை. கேட்டால், ஒன்றுமில்லை அம்மா என்று இன்னும் கூடுதலாக அழுகிறார்கள். எனக்குப் பயமாக இருந்தது – இவர்களில் யாருக்கோ ஏதோ நடந்துவிட்டது என்று.

காரணம் பின்னேரம் சைக்கிளில் வந்தது. மானிப்பாய்ச் சின்னத்துரை அண்ணை. என் மனிசனோடு ஒன்றாகத் தோட்டம் செய்தவர். எங்கள் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும்தானே? கல்யாணமென்றால் வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சாகும்வரை கோபம். செத்தவீட்டுக்கு யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை. கேள்விப்பட்டதும் வந்துவிட வேண்டும். அண்ணை கேள்விப்பட்டிருக்கிறார். வந்துவிட்டார். கையில் மாலை.

நான் வாசலில் கோழிக்குக் குறுநொய் போட்டுக்கொண்டு நிற்கிறேன்.

அண்ணை சைக்கிளை விட்டு இறங்காமல் என்னையே பார்த்தார். மாலையைப் பின்னால் ஒளித்தார். “சும்மா இந்தப் பக்கம் வந்தனான்” என்றார். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தேன். குடித்துவிட்டுத்தான், நான் செத்தேன் என்று கேள்விப்பட்டு வந்ததைச் சொன்னார். ஆனால் மாலையை என்ன செய்வது? செத்தவருக்கு என்று வாங்கியதைக் கோயிலுக்கும் கொடுக்க முடியாது, வீட்டுக்கும் கொண்டுபோக முடியாது. இரண்டு பேரும் யோசித்துக்கொண்டு இருக்கிற நேரத்தில் ஆடு தின்றுவிட்டது.

அதற்குப் பிறகுதான் துளசி வந்து, போனில் இருந்த கடிதத்தைப் பார்த்தாள். பார்த்ததும் வாயைப் பொத்தினாள்.

“அம்மம்மா, இது மரண அறிவித்தல்.”

“காலமானார் எண்டு எங்கை கிடக்கு? காட்டு பாப்பம்.”

“அதுவரைக்கும் ஆர் வாசிக்கிறது? பட்டுச்சேலை, பூ, பிறப்பிடம், காலஞ்சென்ற… பிள்ளையள், நாடு. இவ்வளவும் காணும், செத்திட்டியள் எண்டு நினைக்க.”

இப்போது சொல்கிறேன். பேப்பரில் நான் எழுத்துக்கூட்டி வாசிக்கிற ஒரே பக்கம் அதுதான். எத்தனை வருசமாக! ஒரு மனிசியைப் பற்றி அச்சில் மரியாதையாக எழுதுவதென்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று மனதில் பதிந்துவிட்டது. யோசித்துப் பாருங்கள். இன்னாரின் மகள், இன்னாரின் மனைவி, இத்தனை பிள்ளை பெற்றவள் என்று முழு மனிசியாக எங்களை எப்போது அச்சில் போடுகிறார்கள்? ஒரே ஒருமுறை. அதையும் எங்களால் வாசிக்க முடியாது. உயிரோடு இருக்கிறவர்களுக்கும் இப்படி ஒரு பக்கம் விட்டால் என்னவாம்?

சரி, சிரித்து முடிந்தது. இனித்தான் பிரச்சினை.

கடிதம் வேலை செய்துவிட்டது! நிலானி படித்த படிப்பெல்லாம் செய்யாத வேலையை என் சாவு செய்தது. ‘அமரர் இராசம்மா நினைவாக’ என்று நாலு திசையிலிருந்தும் உதவி வந்தது. வான் நிற்கவே தேவையில்லை என்கிற அளவுக்கு வந்தது.

ஓபிஸுக்குப் பொறுப்பான பெரிய டொக்டர் ஐயா நேரே என் வீட்டுக்கு வந்துவிட்டார். நிலானியும் வந்தாள், அழுது வீங்கிய முகத்தோடு. வேலை போய்விடும் என்று பயந்துகொண்டு இருந்தாள். ஐயா அவளை ஏசவில்லை. ஆனால் ஒன்று சொன்னார். செத்தவர் நினைவாக என்று தந்தவர்களுக்கு, அவர் சாகவில்லை என்று சொல்லியே ஆக வேண்டும். திருப்பிக் கேட்டால் திருப்பிக் கொடுத்தே ஆக வேண்டும். பொய்யில் ஓடுகிற வானில் நான் ஏற மாட்டேன் என்றார்.

மதிலுக்கு மேலால் கேட்டுக்கொண்டு நின்ற பாலனுக்கு வேறு யோசனை.

“மாமி, மாதம் முடியுமட்டும் வெளியில திரியாமல் இருங்கோவன். பிறகு ஆறுதலாய் எழும்பலாம்.”

“உன்ரை விரலுக்காக நான் பாடையில படுக்கோணுமோடா?”

எல்லோரும் சிரித்தோம். அவனும் சிரித்தான். சிரித்துவிட்டுக் குனிந்து காலைப் பார்த்தான். அதற்குப் பிறகு யாருக்கும் சிரிப்பு வரவில்லை.

நானும் நிலானியும் இருந்து இரண்டாவது கடிதம் எழுதினோம். ‘நன்றி’ என்று தலைப்புப் போடுவோமா என்று கேட்டேன். வேண்டாம் ஆச்சி, செத்தவருக்கு முப்பத்தோராம் நாள் அடிக்கிற நன்றி அட்டை மாதிரி ஆகிவிடும் என்றாள். பிள்ளை ஒரே கிழமையில் தேறிவிட்டாள்! இந்த முறை அவள் கேட்டாள், நான் பதில் சொன்னேன். எங்கள் இரண்டு பேருடைய சொல்லும் கலந்து வந்தது. இப்படி:

‘நான் இராசம்மா. உயிரோடு இருக்கிறேன். உங்களை அழவைத்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். நான் செத்தேன் என்று தந்ததைத் திருப்பிக் கேட்டால் தருவார்கள், கேட்க வெட்கப்பட வேண்டாம். என் கால் ஆறி நான் நடக்கிறேன் என்பதற்காகத் தந்ததை விட்டுவைத்தால், என் பக்கத்து வளவுப் பாலனும் நடப்பான்.’

பாலன் செருப்பில்லாமல் வந்ததற்கு நான் ஏசிக்கொண்டு நின்றபோது நிலானி எடுத்த படத்தைப் போட்டோம். வாய் பெரிதாகத் திறந்திருக்கிறது. இதைப் பார்த்து ஒருவரும் மாலை வாங்க மாட்டார்கள்.

பதில் வந்தது. சில பேர் திருப்பிக் கேட்டார்கள். அவர்களில் எனக்குக் கோபமில்லை. கூடுதலான பேர் விட்டுவைத்தார்கள். ஒருவரிடமிருந்து மட்டும் பதிலே இல்லை. அந்த ஒருவர் பூரணம்.

பூரணம் என் மனிசனின் தங்கச்சி. லண்டனில் இருக்கிறாள். அவளுடைய சீதனக் காணி எங்கள் வளவுக்குப் பக்கத்தில்தான் கிடக்கிறது. வேலி அடைத்தபோது நாங்கள் கதியாலை, அதுதான் வேலித் தடியை, அவள் பக்கம் தள்ளி அரக்கிவிட்டோம் என்று ஒரு சண்டை. அன்றைக்கு நின்ற பேச்சு நின்றதுதான். என் மனிசன் செத்ததற்கு வந்தும் என்னோடு கதைக்காமல் போனவள். அவள்தான், நான் செத்தேன் என்றதும் எல்லோரையும் விடக் கூடுதலாக அனுப்பியிருந்தாள். ‘என் மச்சாளின் ஆத்ம சாந்திக்காக’ என்று எழுதி.

அவள் திருப்பிக் கேட்டால் வான் நிற்கும் என்று நிலானி சொன்னாள். மற்ற எல்லோரும் விட்டாலும் போதாதாம்.

இரண்டு நாள் யோசித்தேன். நான் உயிரோடு இருப்பது நல்ல சேதியா, கெட்ட சேதியா? நல்ல சேதியென்றால் கடிதத்தில் சொல்லிவிட்டு இருக்கலாமா? வீடு தேடிப் போய்ச் சொல்ல வேண்டாமா? லண்டனுக்கு எங்கே நடப்பது… துளசியிடம் நம்பரைப் போடச் சொன்னேன். பெருமை பிடித்தவள் முதலில் போன் எடுப்பது லேசான வேலையில்லை, கண்டீர்களோ.

“ஹலோ, ஆர்?”

“சண்டிலிப்பாயில இருந்து… இராசம்மா.”

“எந்த இராசம்மா?”

“வேலி இராசம்மா.”

ரீவி ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. பிறகு அதையும் யாரோ நிற்பாட்டினார்கள்.

“அப்ப அந்த ரெண்டாம் கடிதம் மெய்தானோ. நான் நம்பேல்லை.”

“மெய்தான் மச்சாள். நேரை சொல்லத்தான் எடுத்தனான்.”

“நான் இஞ்சை தலையில அடிச்சு அழுதனான். அதை ஆர் திருப்பித் தாறது?”

“அழுததைத் திருப்பித் தரேலாது மச்சாள். காசை வேணுமெண்டால் தருவினம்.”

நான் பாலனின் விரலைப் பற்றிச் சொன்னேன். ஆர், தங்கராசாவின் பொடியனா என்று கேட்டாள். ஓம் என்றேன். அவன் தாய் சாகும்போது காலில்லாமல்தானே கிடந்தாள் என்றாள். அதற்கும் ஓம் என்றேன்.

“விடு,” என்றாள் பூரணம். “குடுத்தது குடுத்ததுதான். ஆத்ம சாந்திக்கு எண்டு எழுதினதை மட்டும் வெட்டச் சொல்லு.”

“என்னெண்டு மாத்திறது?”

“பொடியன்ரை காலுக்கு எண்டு போடச் சொல்லு. உன்ரை வாய்க்கு எண்டும் போடலாம். அது இன்னும் நல்லாத்தான் வேலை செய்யுது.” கொஞ்சம் பொறுத்து, “ஆனால் அந்தக் கதியால் வேறை. அது நீங்கள் அரக்கினதுதான்.”

நாங்கள் அரக்கவேயில்லை என்றேன். அரக்கினீர்கள் என்றாள். நெடுநேரம் சண்டை பிடித்தோம். நல்ல சண்டை. சண்டை பிடிப்பதென்றாலும் ஆள் உயிரோடு இருக்க வேண்டும்தானே?

வான் இன்னும் வருகிறது. பாலனின் விரலில் புதுத் தோல் பிடிக்கிறது – குழந்தைப் பிள்ளையின் தோல் மாதிரி, ரோஸ் நிறத்தில். ஜெயா அதை எனக்குக் கூப்பிட்டுக் காட்டினாள். இந்த மாதம் புகையிலைக்குள் செருப்போடு இறங்குகிறான். சனம் சிரிக்கிறது. சிரிக்கட்டும்.

நிலானியின் வேலையும் போகவில்லை. உதவி கேட்டு எழுதுவது எப்படி என்று இப்போது என்னைக் கேட்டால், எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். செத்தவரில் வைக்கிற பாசத்தில் ஒரு பிடியை உயிரோடு இருக்கிறவரிலும் வை என்று சொல்லத் தெரிந்தால் போதும். மிச்சத்தை எங்கள் ஆட்கள் செய்வார்கள்.

துளசி, அடிச்சு முடிஞ்சுதோ பிள்ளை? முதல்ல இருந்து ஒருக்கா வாசிச்சுக் காட்டு… கேக்கிற சனத்துக்கு நான் உயிரோட இருக்கிறன் எண்டு விளங்குதோ பாப்பம்.